நில் அறிக்கை

காலரா, நில். போலியோ, நில். தொண்டை அடைப்பான், நில்.

ஒவ்வொரு திங்கட்கிழமையும் மத்தியானத்துக்குள் இந்த உத்தரவுகள் கடலூரில் எங்கள் அலுவலகத்திலிருந்து சென்னைக்குப் போய்விடும். நோய்கள் கேட்டு நின்றனவா என்பது வேறு விஷயம்.

படிவம் முதலில் இங்கிலீஷில்தான் இருந்தது. நோய் இல்லாத கட்டத்தில் 'ஒன்றுமில்லை' என்பதற்கு அந்த பாஷையில் உள்ள மூன்றெழுத்தைப் போட்டு அனுப்புவோம். 2007இல் ஆட்சிமொழி ஆய்வுக்கு வந்த ஒரு அதிகாரி படிவத்தைத் தூக்கிக் காட்டி, நோய் வருவது தமிழனுக்கு, படிவம் மட்டும் எதற்கு இங்கிலீஷில் என்று கேட்டார். ஒரு வாரத்தில் தமிழாக்க வேண்டும். எங்கள் தட்டச்சர் சுப்பிரமணியன் மஞ்சள்காமாலை, வயிற்றுப்போக்கு, வெறிநாய்க்கடி எல்லாவற்றையும் ஒழுங்காக அடித்துக்கொண்டு வந்தவர், அந்த மூன்றெழுத்தைக் கண்டதும் களைத்துப்போய் அதை அப்படியே தமிழ் எழுத்தில் அடித்துவிட்டார். 'நோய் இல்லாவிடில் நில் என எழுதவும்.' ஐயாயிரம் பிரதி அச்சாகி வந்துவிட்டது. ஆய்வு அதிகாரி, சுருக்கமாக இருக்கிறது என்று பாராட்டி எழுதினார்.

நான் துணை இயக்குநர் மணவாளனிடம் போய், சார், 'இல்லை' என்றல்லவா இருக்க வேண்டும் என்று சொன்னேன். அவர் யோசித்துப் பார்த்துவிட்டு, "இல்லைன்னு எழுதுனா நெகட்டிவா இருக்கும்யா. நில்லுன்னா அதுல ஒரு கமாண்டு இருக்கு" என்றார். அதோடு அது அங்கீகரிக்கப்பட்ட சொல்லாகிவிட்டது.

நான் அறிவழகன், புள்ளிவிவர உதவியாளர். மாவட்டம் முழுக்க உள்ள கிராம நர்ஸுகள் அந்தந்த வாரம் வந்த நோயை எழுதி அனுப்புகிற தாள்களைக் கூட்டிப்போடுவது என் வேலை. நோய் வந்தால் எண்ணிக்கை எழுத வேண்டும், வராவிட்டால் வரவில்லை என்றாவது எழுத வேண்டும். சும்மா இருந்தால் குற்றம். வராத நோயைக்கூட நேரத்தோடு அனுப்புகிற மாவட்டம் என்று எங்களுக்கு மேலிடத்தில் நல்ல பெயர். நேரம் தவறாமை நூற்றுக்கு நூறு. அந்த நூறைச் சட்டம் போட்டு மணவாளன் தன் நாற்காலிக்குப் பின்னால் மாட்டியிருந்தார்.

படிவத்தின் கடைசி வரி, 'மேலே சொல்லப்படாத அசாதாரண நோய்'. மூன்று வருடத்தில் அந்த வரியில் நில் தவிர எதுவும் வந்ததில்லை. குமராட்சிப் பக்கம் ஒருவர் ஒரு தரம் 'பேய், 2' என்று எழுதி மெமோ வாங்கினார். அதோடு சரி.

2010 ஏப்ரல் பன்னிரண்டாம் தேதி, திங்கட்கிழமை, கிள்ளைக்குப் பக்கத்திலிருந்து வந்த தாளில் கடைசி வரியில் '1' என்று இருந்தது. பக்கத்தில் பென்சிலால், 'சி.ஜே.டி., ஆண், 51'.

எழுதியவர் லோகநாயகி. விளையாட்டுக்கு எழுதுகிற ஆள் இல்லை. சுனாமி வந்த வாரத்துத் தாளையே நேரத்துக்கு அனுப்பியவர். அது ஈரமாக வந்தது, அவ்வளவுதான். நான் போன் போட்டேன். என்ன சிஸ்டர், கடைசி வரியில் ஒன்று இருக்கிறதே, பேனா தவறிவிட்டதா என்று கேட்டேன்.

"தவறல சார். அது எங்க வூட்டுக்காரருதான்" என்றார்.

அவர் வீட்டுக்காரர் பொன்னுரங்கத்தை எனக்குக் கொஞ்சம் தெரியும். கிள்ளைப் பக்கம் ஒரு உயர்நிலைப் பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியர். காலையில் அவர் மைதானத்தில் 'நேர் நில்' என்று குரல் கொடுத்தால் பஸ் ஸ்டாப்பில் நிற்கிறவர்கள் கூட முதுகை நிமிர்த்திக்கொள்வார்கள் என்று சொல்வார்கள். அந்த வருடம் குடியரசு தினத்தன்று கொடிக் கம்பத்துக்கு முன்னால் அதே 'நேர் நில்'லைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது அவரே ஒரு பக்கமாகச் சாய்ந்து, நாலு எட்டு தடுமாறி, சிறப்பு விருந்தினரின் மேல் போய் விழுந்தார். விருந்தினர் ஒரு ரியல் எஸ்டேட் பிரமுகர். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, ஈர மைதானம். அதற்குமேல் விசாரணை எதற்கு? பொன்னுரங்கம் குடித்துவிட்டு வந்தார் என்று அன்றைக்கே முடிவாகிவிட்டது. அவர் பீடிகூடக் குடிக்காதவர். வாசனை எதுவும் வரவில்லையே என்று இரண்டு வாத்தியார்கள் கேட்டதற்கு, விலை ஜாஸ்தியான சரக்கில் வாசனை வராது என்று பதில் கிடைத்தது. தற்காலிகப் பணிநீக்கம். ஜூன் பதினாலாம் தேதி விசாரணை.

அடுத்த இரண்டு மாதத்தில் அவருக்குச் சட்டைப் பித்தான் போடத் தெரியாமல் போயிற்று. மைத்துனன் பெயர் மறந்தது. கை கால் வெட்டி வெட்டி இழுத்தது. சிதம்பரத்தில் நரம்பு டாக்டர் இசைவாணியிடம் காட்டினார்கள். அவர் புதுச்சேரிக்கு அனுப்பி ஸ்கேன் எடுக்கச் சொன்னார், தலையில் ஒயர் வைத்துப் பதிவு எடுத்தார். அப்புறம் லோகநாயகியைத் தனியாக உட்காரவைத்து விஷயத்தைச் சொன்னார். சி.ஜே.டி. என்று ஒரு நோய். மூளையில் இருக்கிற ஒரு புரதம் தப்பாக மடிந்துவிடுகிறது. அதைப் பார்த்துப் பக்கத்தில் இருக்கிறதும் தப்பாக மடிகிறது. அதைப் பார்த்து அடுத்தது. யாரிடமிருந்தும் தொற்றியது இல்லை, தொட்டால் ஒட்டாது, எதனால் என்றும் தெரியாது, மருந்தும் கிடையாது. சில மாதம்தான்.

லோகநாயகி இதைப் போனில் சொன்னபோது எனக்கு உடனே விளங்கியது. நான் வேலை பார்ப்பது அரசு அலுவலகத்தில்.

டாக்டர் இசைவாணி இன்னொன்றும் சொல்லியிருக்கிறார். பத்து லட்சம் பேருக்கு வருடத்துக்கு ஒருவர் என்று உலகம் முழுக்கக் கணக்கு. நம் மாவட்டத்தில் இருபத்தைந்து லட்சம் பேர். வருடத்துக்கு இரண்டு பேராவது இதில் சாக வேண்டுமே, எங்கேம்மா அவர்கள் என்று. எங்கே இருப்பார்கள்? குடிகாரர், பைத்தியம், வயசாகிவிட்டது, செய்வினை என்று வெவ்வேறு வரிகளில் இருப்பார்கள். எங்கள் தாளில் நில்.

"பள்ளிக்கூடத்துல டாக்டரம்மா சீட்ட காட்டுனேன் சார்" என்றார் லோகநாயகி. "இப்பிடி ஒரு நோய் இருந்தா கவர்மெண்டுக்குத் தெரியாம இருக்குமா, கவர்மெண்டு ரெக்கார்டு கொண்டாங்கன்னுட்டாங்க. இவரு குடிக்கலன்னு சொல்ல எனக்கு இந்த ஒண்ணு போதும். அத அழிச்சிடாதீங்க."

அழிக்க மாட்டேன் என்று சொன்னேன். சொல்லும்போது நிஜமாகத்தான் சொன்னேன்.

மணவாளன் அந்த ஒன்றைப் பார்த்தார். அந்த ஒரு வரியை மட்டும் நிறுத்திவைத்து மற்றதை மத்தியானத்துக்குள் அனுப்பச் சொல்லிவிட்டு, சென்னையில் தன்னோடு படித்த ஒருவரிடம் போனில் கேட்டார். வைத்தவுடன் அவர் முகம் சிவந்திருந்தது. மாட்டுக்கு வருகிற பைத்தியமாடு நோய் இதற்குத் தூரத்து உறவு, ஆனால் இது வேறு என்று அந்த நண்பர் விளக்கியதில் இவர் காதில் விழுந்தது பைத்தியமாடு என்ற ஒரு வார்த்தைதான்.

நம் மாவட்டத்தில் மாடு இருக்கிறதா என்று என்னைக் கேட்டார். இருக்கிறது சார் என்றேன். எத்தனை என்றார். அது கால்நடைத் துறை சார் என்றேன். உடனே கால்நடை டாக்டர் ஒருவரை இரவல் வாங்கி, துரித நடவடிக்கைக் குழு ஒன்றை அமைத்து, அதற்குத் தானே தலைவராகி, மறுநாள் ஜீப்பில் கிளம்பினார். எங்கள் துறைக்குத் தெரிந்த மருந்து ப்ளீச்சிங் பவுடர். தெரிந்த நோய்க்கு ஒரு மூட்டை, தெரியாத நோய்க்கு நாலு. டிரைவர் சாமிக்கண்ணு நாலையும் ஏற்றிக்கொண்டார்.

லோகநாயகி வீட்டில் மாடு இல்லை. பக்கத்து வீட்டில் இருந்தது. கால்நடை டாக்டர் அதன் கண்ணைப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார், முன்னால் நடக்கவிட்டார். மாடு நார்மல் என்று எழுதிக்கொடுத்தார். அன்றைக்கு அந்தத் தெருவில் முழுப் பரிசோதனை நடந்தது அந்த மாட்டுக்கு மட்டும்தான்.

பொன்னுரங்கம் வாசலில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அத்தனை உடம்பும் அப்படியே இருந்தது, ஆனால் அதற்குள் யாரும் இல்லாதது போலிருந்தது. சாமிக்கண்ணு முதல் மூட்டையைத் தொப்பென்று இறக்கியதும் அவர் தூக்கிப்போட்டாற்போல் துடித்தார். லோகநாயகி ஓடிவந்து இரண்டு கையாலும் இடுப்பைப் பிடித்துத் தூக்கினார். "நில்லுங்க... நில்லுங்க... அவ்ளோதான். ஒண்ணும் இல்ல, நில்லுங்க." அவர் வாய் அசைந்தது. தனக்குப் பழக்கமான சொல்லைத் தேடுகிறாற்போல் எனக்குப் பட்டது. வரவில்லை. உள்ளே கூட்டிப் போனார்.

திரும்பி வந்தவர் மணவாளனிடம் டாக்டர் இசைவாணியின் கடிதத்தை நீட்டினார். ஒட்டாது என்று அதில் அடிக்கோடிட்டிருந்தது. மணவாளன் அதை வாங்கி, தேதி பார்த்துவிட்டு, பத்திரமாகப் பையில் வைத்துக்கொண்டார். ஆட்கள் பவுடரை அள்ளத் தொடங்கியிருந்தார்கள்.

"சார், இத போடாதீங்க" என்றார் லோகநாயகி. "நானே ஆயிரம் வூட்டுக்குப் போட்டிருக்கேன், எனக்குத் தெரியும். போட்டுட்டா அப்பறம் நான் என்னா சொன்னாலும் ஊரு நம்பாது."

"ஒரு சேஃப்டிக்குதாம்மா. போட்டோ வேற எடுக்கணும்" என்றார் மணவாளன்.

வீட்டைச் சுற்றி வெள்ளைக் கோடு விழுந்தது. மூட்டை மீந்ததால் கோடு தடிமனாகவே விழுந்தது. மறுநாள் புதன்கிழமை, தடுப்பூசி நாள். துணை சுகாதார நிலையத்தில் லோகநாயகி ஐஸ் பெட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு மத்தியானம் வரை உட்கார்ந்திருந்தார். ஒரு குழந்தையும் வரவில்லை. அதற்கு அடுத்த வாரம் பால்காரம்மா, தெருக்கோடியில் சொம்பை வைத்துவிட்டுப் போங்கள் என்று சொல்லிவிட்டார்.

கடலூர் திரும்பியதும் மணவாளன் நிதானமாகிவிட்டார். இந்த ஒன்றை மேலே அனுப்பினால் சென்னையிலிருந்து போன் வரும், டெல்லியிலிருந்து ஆள் வரும், பேப்பரில் பைத்தியமாடு என்று வரும். ஜூன் மூன்றாம் தேதி நேரம் தவறாமைக்கு மாநில அளவில் கேடயம் கொடுக்கப்போகிறார்கள் என்று வேறு ரகசியத் தகவல் வந்திருந்தது.

"இது கன்ஃபர்மா?" என்று கேட்டார்.

ப்ராபபிள் என்று டாக்டர் எழுதியிருக்கிறார் சார், அநேகமாக அதுதான் என்று அர்த்தம் என்றேன்.

"நம்ம ஃபாரத்துல அநேகமான்னு ஒரு கட்டம் இருக்கா?"

இல்லை சார் என்றேன்.

"கட்டம் இல்லன்னா நோயும் இல்லய்யா."

வெள்ளை மையை எடுத்து ஒன்றின் மேல் தடவி, காய்ந்ததும் அதன்மேல் நில் என்று எழுதினேன். என் கையெழுத்து நன்றாக இருக்கும்.

புது நோயாளியை ஒரு தரம்தான் எழுத வேண்டும் என்பது லோகநாயகிக்குத் தெரியாததில்லை. ஆனால் நாங்கள் திருப்பி அனுப்பும் மாவட்டச் சுருக்கத்தில் கடைசி வரி நில் என்றே இருந்ததைப் பார்த்துவிட்டு, அடுத்த வாரமும் ஒன்று எழுதினார். நான் மூடினேன். அதற்கடுத்த வாரமும். நானும். எட்டு திங்கட்கிழமை இப்படி நடந்தது. இருவருமே நேரம் தவறவில்லை.

மே நடுவில் ஒரு நாள் அவரே கடலூருக்கு வந்துவிட்டார். கணவரை நாத்தனாரிடம் விட்டுவிட்டு, சிதம்பரம் வந்து பஸ் மாறி வந்திருந்தார். யூனிபார்ம் புடவையில் இருந்தார். ஏப்ரல் பன்னிரண்டாம் தேதித் தாளின் சான்றிட்ட நகல் வேண்டும், விசாரணையில் கொடுக்க வேண்டும் என்றார். கோப்பு தேட வேண்டும், சார் லீவில் இருக்கிறார், ஆடிட் நடக்கிறது என்று கைக்கு வந்த மூன்று காரணத்தையும் ஒன்றாகச் சொன்னேன். துறையில் இருபது வருடம் இருந்தவரிடம் அது செல்லுமா? என் பின்னால் இருந்த அலமாரியில் கோப்பு அவருக்கே தெரிந்தது. அவரே எடுத்தார். தாளைப் புரட்டி, கடைசி வரியில் நிறுத்தி, விரல் நகத்தால் மெல்லச் சுரண்டினார். வெள்ளை உதிர்ந்தது. அடியில் ஒன்று அப்படியே இருந்தது.

"அழிக்கல சார் நீங்க" என்றார். "மூடித்தான் வெச்சிருக்கீங்க."

அவர் திட்டியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். கன்ஃபர்ம் ஆனால் போட்டுவிடலாம் சிஸ்டர் என்றேன்.

"எப்ப கன்ஃபர்ம் ஆவும்?"

நான் பேனா மூடியைத் தேடினேன்.

"செத்தப்பறம். மூளைய எடுத்துப் பாத்தாதான். டாக்டரம்மா சொன்னாங்க." ஜன்னல் பக்கம் பார்த்தார். "சரி, எடுக்கட்டும். அதுக்கு என்னா பேப்பரு வேணும் சொல்லுங்க, இப்பவே கையெழுத்து போட்டுட்டுப் போறேன்."

உயிரோடு இருக்கிற புருஷனுக்கு அந்த மேசையில் உட்கார்ந்து சம்மதக் கடிதம் எழுதினார். ஒரு எழுத்துகூட அடித்தல் திருத்தல் இல்லை. மாதிரியை வெளி மாநில ஆய்வகத்துக்கு அனுப்ப எங்கள் அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் போக வேண்டும், அதில் மணவாளன் கையெழுத்து வேண்டும். கடிதத்தை சுப்பிரமணியன் அன்றே அடித்துக் கொடுத்தார். நான் கோப்பில் வைத்து மேசைக்கு அனுப்பினேன். 'பேசவும்' என்று எழுதி வந்தது. பேசினேன். ஆள் போகட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றார்.

ஜூன் மூன்றாம் தேதி, வியாழக்கிழமை, பத்தரை மணிக்குப் பொன்னுரங்கம் சிதம்பரத்தில் இறந்தார். பதினோரு மணிக்கு டாக்டர் இசைவாணி என்னைக் கூப்பிட்டார். எடுக்க ஆள் ஏற்பாடு செய்துவிட்டேன், பெட்டி தயார், உங்கள் கடிதம் ஒன்றுதான் பாக்கி என்றார். நான் மணவாளனைச் செல்லில் பிடித்தேன். பின்னால் நாதஸ்வரம் கேட்டது.

"மேடை ஏறப்போறேன்யா. எங்க போவப்போவுது? திங்கக்கெழம வந்து போடறேன்."

ஜூன் மாத வெயிலில் திங்கட்கிழமை வரை எதுவும் இருக்காது. டாக்டர் இசைவாணி சாயந்தரம் வரை காத்திருந்தார். மூன்று தரம் கூப்பிட்டார். நாலாவது தரம் கூப்பிட்டபோது, சரி விடுங்கள், வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டேன் என்றார்.

வெள்ளிக்கிழமை எடுத்தார்கள். வெள்ளைக் கோடு மழைக்குக்கூடக் கரையாமல் ஊர் மனதில் இருந்ததால் கூட்டம் இல்லை. தூக்க நாலு பேர் சேரவில்லை. நாலாவது ஆளாக எங்கள் டிரைவர் சாமிக்கண்ணு தோள் கொடுத்தார். ஏப்ரலில் அதே வீட்டுக்கு மூட்டை தூக்கியவரும் அவர்தான். யாரும் சொல்லாமல், லீவு போட்டுவிட்டு, பஸ்ஸில் போயிருந்தார். நான் போகவில்லை. அறிக்கை வேலை இருக்கிறது என்று சொல்லிக்கொண்டேன். வெள்ளிக்கிழமைகளில் அறிக்கை வேலை கிடையாது.

திங்கட்கிழமை, ஜூன் ஏழு. கிள்ளைப் பக்கத்துத் தாள் பத்து மணிக்கு முன்னால் வந்துவிட்டது. காலரா நில், போலியோ நில், எல்லாம் நில். கடைசி வரியில் மட்டும், 'இல்லை'.

மணவாளன் அன்றைக்கு எல்லாத் தாளையும் தானே பார்த்தார். கேடயம் வாங்கிய உற்சாகம். இது என்ன என்று கேட்டார். சார், இல்லை என்று எழுதியிருக்கிறார் என்றேன். அங்கீகரிக்கப்பட்ட சொல் என்ன? நில் சார். அப்புறம் என்ன, மெமோ போடு. சார், அந்தம்மா வீட்டுக்காரர் போன வாரம்தான் என்று இழுத்தேன். அதற்கும் இதற்கும் என்னய்யா சம்பந்தம், ஒருவரை விட்டால் நாளைக்கு ஆளாளுக்கு எழுத ஆரம்பித்துவிடுவார்கள் என்றார். படிவத்தில் இல்லாத சொல்லைப் பயன்படுத்தியது ஏன் என மூன்று நாட்களுக்குள் விளக்கம் தரவும் என்று நான்தான் எழுதினேன்.

மூன்றாம் நாளே விளக்கம் வந்தது.

'ஐயா, நோய் இல்லாவிடில் நில் என எழுத வேண்டும் என்பதை அறிவேன். கடைசி வரியில் எட்டு வாரமாக ஒருவர் இருந்தார். இந்த வாரம் அவர் இல்லை. அதனால் இல்லை என எழுதினேன். நில் என்று அவரிடம் தினமும் சொல்லிப் பார்த்தேன். அவரால் முடியவில்லை. இனி படிவத்தில் உள்ளபடியே எழுதுகிறேன். இப்படிக்கு, தங்கள் கீழ்ப்படிதலுள்ள, பொ. லோகநாயகி, கிராம சுகாதார செவிலியர்.'

மணவாளன் அதன் ஓரத்தில் பச்சை மையில், 'விளக்கம் ஏற்கப்பட்டது, எச்சரித்து விடவும்' என்று எழுதினார். எச்சரிக்கைக் கடிதத்தையும் நான்தான் எழுதினேன்.

ஜூன் பதினாலாம் தேதி விசாரணை நடக்கவில்லை. சம்பந்தப்பட்ட ஆசிரியர் காலமாகிவிட்டபடியால் மது அருந்திய குற்றச்சாட்டின் மீதான மேல்நடவடிக்கை கைவிடப்படுகிறது என்று வீட்டுக்கு ஒரு தாள் போனது. குடித்தார் என்றும் இல்லை, குடிக்கவில்லை என்றும் இல்லை. அதற்கும் கட்டம் இல்லை போலிருக்கிறது.

அன்றைக்கும் திங்கட்கிழமை. அவர் தாள் நேரத்துக்கு வந்தது. கடைசி வரியிலும் நில் என்றே இருந்தது, அழகான கையெழுத்தில். அந்த இடத்தில் மட்டும் பேனா அழுத்தி, காகிதம் கிழிந்திருந்தது. பின்பக்கம் டேப் ஒட்டி, எண்ணிக்கையில் சேர்த்து, பன்னிரண்டு மணிக்குள் அனுப்பிவிட்டேன்.